பேருந்துத் தடத்தில் நின்ற வெள்ளைக் கார்

டிப்போ மாடியில் இருந்த அந்த அறையில் அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்து, வந்து விழுகிற படங்களுக்கு ‘சரி’ அல்லது ‘தவறு’ போடுவதுதான் அவள் வேலை. அதிலிருந்து வந்த பெயர் அது.

நகரத்துப் பெரிய சாலைகளில் பேருந்துகளுக்கென்று ஓரமாக ஒரு தடம் ஒதுக்கி, சிவப்புச் சாயம் பூசி வைத்திருந்தார்கள். சாயம் பூசிவிட்டால் போதுமா? கார்காரர்கள் அதைத் தங்களுக்குப் போட்ட பட்டுக் கம்பளம் என்று நினைத்துக்கொண்டார்கள். மருந்து வாங்க ஒரு நிமிஷம், போன் பேச ஒரு நிமிஷம் என்று ஆளாளுக்கு நிறுத்த, பேருந்துகள் பின்னால் வரிசை கட்டி நின்றன. அதனால் ஒவ்வொரு பேருந்தின் நெற்றியிலும் ஒரு கேமராவும், அது எங்கே போகிறது என்று சொல்லும் கருவியும் வைத்தார்கள். எந்த வண்டியாவது தடத்தை மறித்து நின்றால், இடத்தையும் நேரத்தையும் போட்டு ஒரு சின்னப் படத்துண்டு தானாகவே டிப்போ மாடிக்கு வந்துவிடும். ஆனால் கருவிக்குக் கண் இருந்ததே தவிர நிதானம் கிடையாது. டயர் வெடித்து நிற்கிறவனும் அதற்கு ஒன்றுதான், ஆம்புலன்ஸுக்கு ஒதுங்குகிறவனும் ஒன்றுதான். பிரித்துப் பார்த்து அபராதம் போடச் சில ஆட்கள் வேண்டியிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி அவள்.

அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. முகம் பார்த்துப் பேச வேண்டாம், யாரிடமும் சத்தம் போட வேண்டாம். அவள் இயல்பிலேயே பயந்த சுபாவம். போன் மணி அடித்தால் நெஞ்சு ஒருமுறை குதித்துத்தான் அடங்கும். “உனக்குப் போன் வாங்கிக் கொடுத்ததுக்குப் பதிலா புறா வாங்கிக் கொடுத்திருக்கலாம்” என்பான் கணவன். லிப்ட் மெக்கானிக்கான அவன், அந்த வாரம் வேறொரு ஊரில் புதுக் கட்டடம் ஒன்றுக்கு லிப்ட் பொருத்தப் போயிருந்தான். வீட்டில் அவளும், பள்ளி விடுமுறையில் இருந்த எட்டு வயது மகள் குட்டிம்மாவும் மட்டும்.

அவளுக்கு அடுத்த மேஜை, எல்லோரும் ரேடியோ என்று கூப்பிடுகிற ஆளுடையது. பேருந்துகள் புள்ளி புள்ளியாக நகரும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு, ஓட்டுநர்களோடு ஒலிபெருக்கியில் பேசுகிற வேலை அவனுக்கு. “முன்னாடி வண்டிக்கும் உனக்கும் ரொம்ப இடைவெளி விழுந்திருச்சு, கொஞ்சம் கிளப்புப்பா” என்று ஆரம்பித்து, அந்த ஓட்டுநரின் மச்சினன் கல்யாணம் வரை விசாரித்துவிட்டுத்தான் விடுவான். வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. அறைக்கு மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார். சாந்தமான மனிதர். யாராவது தும்மினால்கூட “வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடும்மா” என்பார்.

வெள்ளைக் கார் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மருத்துவமனைச் சாலையில், பூட்டியிருந்த ஒரு கடைக்கு முன்னால், சிவப்புத் தடத்தில், தப்புத் திசையில் பேருந்தைப் பார்த்தபடி நின்றிருந்தது. முன்விளக்கு ஒன்று உடைந்திருந்தது. ஓட்டியவன் இறங்கி வந்து, காரின் முகப்பைக் குனிந்து பார்த்து, ஒரு துணியால் எதையோ துடைத்தான். பின்னாலிருந்த பேருந்து ஹாரன் அடித்தும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துடைத்துவிட்டு ஏறிப் போனான். விளக்கு உடைந்தால் என்ன, தடத்தில் நின்றது நின்றதுதானே? அபராதத்துக்கு ‘சரி’ போட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள். அத்தோடு அதை மறந்தும் போனாள்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது ரேடியோ நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

“டீச்சர், நேத்து மருத்துவமனை ரோட்டுல ஒரு வெள்ளைக் காரு. நீங்களா பார்த்தீங்க?”

“ஆமா. ஏன்?”

“சும்மாதான்” என்றான். எதையும் சும்மா கேட்காத, கேட்டதைச் சும்மா விடாத ரேடியோ, அதற்குமேல் ஒரு வார்த்தை பேசாமல் தன் இடத்துக்குப் போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் அவள் போன் அடித்தது. தெரியாத எண்.

“மேடம், வணக்கம். சாப்பிட்டுட்டு இருக்கீங்களா? தொந்தரவு பண்ணிட்டேனா?” மென்மையான குரல். வங்கியிலிருந்து பேசுகிறவர்களைப் போல அத்தனை மரியாதை.

“யாருங்க?”

“நேத்து நீங்க ஒரு வெள்ளைக் காருக்கு அபராதம் போட்டிருக்கீங்க. அந்தக் கார் நேத்து இந்த ஊர்லயே இல்ல மேடம். மெஷின் ஏதோ குழப்பிடுச்சு. நீங்க ரத்து பண்ணிட்டா முடிஞ்சுது.”

அபராதச் சீட்டில் அவள் பெயர் இருக்காது. எண்ணும் இருக்காது. அந்தப் படத்தைப் பார்த்தது அவள்தான் என்று இந்த அறைக்கு வெளியே யாருக்கும் தெரிய வழியில்லை. கையிலிருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“ஆட்சேபணை இருந்தா கீழே ஆபீஸ்ல மனு கொடுக்கலாங்க.”

“மனுவெல்லாம் எதுக்கு மேடம், நமக்குள்ள?” குரல் லேசாகச் சிரித்தது. “பாப்பாவுக்கு இன்னைக்கு நீச்சல் வகுப்பு இல்ல? நீலப் பை போட்டுட்டுப் போகும். சாரும் ஊர்ல இல்ல. நீங்கதானே போய்க் கூட்டிட்டு வரணும்? அலைச்சல்தான். சாயங்காலத்துக்குள்ள அதை முடிச்சுட்டீங்கன்னா உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி.”

இணைப்பு அறுந்தது. டப்பாவை மூடினாள். மூடி ஒரு பக்கம் பொருந்தினால் மறுபக்கம் எழும்பியது.

கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, நீச்சல்குளத்துக்குப் போன் போட்டாள். “தண்ணியிலதான் இருக்கா. நல்லா உதைக்கிறா இன்னைக்கு. என்னம்மா விஷயம்?” என்றாள் பயிற்சி கொடுக்கும் பெண். “ஒண்ணுமில்ல. என்னைத் தவிர யார் வந்தாலும் அனுப்பாதீங்க, யார் வந்தாலும்” என்று இரண்டு முறை சொன்னாள். கணவனுக்குப் போட்டாள். எடுக்கவில்லை. லிப்ட் குழிக்குள் நின்று வேலை பார்க்கும்போது போனை மேலே வைத்துவிட்டுத்தான் இறங்குவான். எடுத்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பாள்? அவன் அடித்துப் பிடித்துக் கிளம்பினாலும் வந்து சேர விடிந்துவிடும்.

இடத்துக்குத் திரும்பி வந்து அந்தப் படத்தை மறுபடி போட்டாள். உடைந்த விளக்கு. குனிந்து துடைக்கிற கை. அந்தத் துணி போகப் போக நிறம் மாறியது. நேற்று அதை அவள் கவனிக்கவில்லை. காலையில் பேருந்தில் வரும்போது இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தது இப்போது ஞாபகம் வந்தது. மருத்துவமனைப் பக்கம் யாரோ ஒரு பள்ளிக்கூடக் காவலாளி, சைக்கிளில் போனவரை ஒரு கார் அடித்துத் தூக்கிப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டதாம். ஆள் இன்னும் கண் திறக்கவில்லையாம். எந்தக் கார் என்று எவருக்கும் தெரியவில்லையாம்.

இவளுக்குத் தெரிந்துவிட்டது.

அபராதம் ரத்தானால் அந்தப் படத்தை வைத்திருக்கக் கூடாது என்பது விதி. தப்பாக மாட்டிக்கொண்டவர்களின் படம் வெளியே போய்விடக் கூடாது என்று போட்ட நல்ல விதிதான். சாயங்காலம் அலுவலகம் மூடும்போது, ரத்தான படங்களையெல்லாம் கணினி தானே துடைத்துவிடும். அந்தக் குரலுக்கு அதுவும் தெரிந்திருந்தது.

அவள் எண்ணை அந்தக் குரலுக்குக் கொடுத்தது யார்? சுற்றிலும் பார்த்தாள். அறையில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர். எல்லோருடைய பிறந்தநாளுக்கும் சேர்ந்து கேக் வெட்டியவர்கள். ரேடியோ ஓட்டுநர் ஒருவரிடம் ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அவள் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனாகத்தான் இருக்கும் என்று மனசு சொன்னது. இவ்வளவு பேசுகிறவன் யாரிடம் எதைப் பேசாமல் இருந்திருப்பான்? குட்டிம்மாவின் நீலப் பை அவனுக்குத் தெரியும். கணவன் ஊரில் இல்லாததும் தெரியும். அவள்தான் சொல்லியிருந்தாள்.

மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடலாமா என்று எழுந்து, மூலையிலிருந்த அவருடைய கண்ணாடி அறைக்குள் மேஜை வரை போனாள்.

“சார்...”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “முகமெல்லாம் வெளுத்திருக்கேம்மா. உடம்பு சரியில்லையா? சீக்கிரம் கிளம்பு. குழந்தையைக் கூட்டிட்டு நேரா வீட்டுக்குப் போ. எதையும் போட்டு மனசைக் குழப்பிக்காதே.”

அவ்வளவு கரிசனமாகச் சொன்னவரிடம் வாய் திறக்க வரவில்லை. சொல்லி, அவர் போலீசைக் கூப்பிட்டு, அதற்குள் நீச்சல்குளத்து வாசலில் யாராவது போய் நின்றுவிட்டால்? திரும்பி வந்து உட்கார்ந்தாள். கண் திறக்காத அந்தக் காவலாளியை நினைத்துக்கொண்டாள். பிறகு தண்ணீரில் உதைக்கிற இரண்டு சின்னக் கால்களை நினைத்துக்கொண்டாள். ‘ரத்து’ என்ற கட்டத்தை அழுத்தினாள். பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் மாடிப்படி இறங்கினாள்.

குட்டிம்மா ஈரத் தலையோடு வாசலுக்குள்ளேயே நின்றிருந்தாள். “இன்னைக்கு மூழ்கி ஒரு காசை எடுத்தேம்மா, கண்ணைத் திறந்துக்கிட்டே!” என்றாள். அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டதில் சட்டை முன்பக்கமெல்லாம் நனைந்துவிட்டது. “அம்மா, மூச்சு முட்டுது” என்று குழந்தை நெளிந்தாள்.

வெயில் இன்னும் இருந்தது. பேருந்தில் பின் இருக்கைதான் கிடைத்தது. உட்கார்ந்ததும் உடம்பிலிருந்து ஏதோ இறங்குவது போலிருந்தது. செய்தது தப்புதான். ஆனாலும் முடிந்தது. இனி அந்தக் குரல் வராது. வீட்டுக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, குழந்தைக்குத் தலை துவட்டி, சாப்பாடு போட்டு...

“அம்மா, அந்த மாமா நமக்குக் கை காட்டுறார்” என்றாள் குட்டிம்மா. பின் கண்ணாடி வழியாக அவளும் சிரித்துக்கொண்டு கையாட்டினாள்.

பேருந்தை ஒட்டியபடியே, அதே சிவப்புத் தடத்தில், சாம்பல் நிற ஜீப் ஒன்று வந்துகொண்டிருந்தது. முன் இருக்கையில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒருவன், ஒரு கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு, மறு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தான். அவள் கையிலிருந்த போன் அடித்தது.

“ரொம்ப நன்றி மேடம். பார்த்தோம், ரத்தாயிடுச்சு” என்றது மென்மையான குரல். “பாப்பா நல்லாக் கையாட்டுது. பயப்படாதீங்க. வீடு வரைக்கும் நாங்களும் கூடவே வர்றோம். வீட்டை ஒருதரம் பார்த்து வச்சுக்கிட்டா, நாளைக்கு ஏதாவது பேசணும்னாலும் வசதியா இருக்கும்ல?”

சொன்னதைச் செய்தாகிவிட்டது. செய்த பிறகும் விடவில்லையே! இன்றைக்கு வீடு, நாளைக்கு வேறொன்று. இனிமேல் எந்தப் படத்துக்கு என்ன போட வேண்டும் என்பதைக்கூட இந்தக் குரல்தான் சொல்லும். குழந்தையை இழுத்து மடியில், கண்ணாடிக்குக் கீழே தெரியாதபடி உட்கார வைத்துக்கொண்டாள்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடலாமா? குழந்தையைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் ஓட முடியும்? போலீசுக்குப் போன் போட்டால் என்ன சொல்வது? ஒரு ஜீப்பில் ஒருவர் கையாட்டினார் என்றா? நான்தான் சாட்சியை அழித்தேன் என்றா? பேருந்து எங்கே போகிறது, பின்னால் எது வருகிறது என்பதையெல்லாம் அந்த நிமிஷத்தில் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரே ஆள் ரேடியோ. அவனேதான் அவளைக் காட்டிக்கொடுத்தவனாகவும் இருக்கலாம். அவன் எண் மீது விரலை வைத்துக்கொண்டு ஒரு நிறுத்தம் முழுக்க யோசித்தாள். ஜீப் விலகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிட்டாள்.

“சொல்லுங்க டீச்சர்!”

“நீதான் என் நம்பரைக் கொடுத்தியா?” என்று கேட்டாள். அப்படிக் கேட்கத்தான் வந்தது.

“எந்த நம்பர்? யாருக்கு?”

பக்கத்து இருக்கைக்காரருக்குக் கேட்காதபடி, வாயைக் கையால் மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். காவலாளியை, வெள்ளைக் காரை, ரத்து போட்டதை, ஜீப்பை. ரேடியோ பேசாமல் இருந்தது அவளை இன்னும் பயமுறுத்தியது.

“லைன்ல இருக்கியா?”

“இருக்கேன்.” குரல் மாறியிருந்தது. “காலையில நம்ம சார் வந்து, அந்தப் படத்தை யார் பார்த்ததுன்னு என்கிட்ட கேட்டாரு. ஏன் கேக்குறாருன்னு புரியல. அதான் உங்ககிட்ட வந்து கேட்டேன். நீங்கதான்னு அவர்கிட்டயும் சொன்னேன். எந்த வண்டியில இருக்கீங்க? சொல்ல வேணாம், இருங்க... நீச்சல்குளத்துல ஏறியிருக்கீங்க... பிடிச்சுட்டேன். உங்களுக்குப் பின்னாடி இன்னொரு வண்டி வருது. அதோட கேமராவைத் திறக்குறேன்... ம். சாம்பல் ஜீப். நம்பர் தெளிவாத் தெரியுது.”

“இப்ப நான் என்ன பண்றது?”

“ஒண்ணும் பண்ண வேணாம். இறங்க மட்டும் இறங்காதீங்க. போனை வைக்காதீங்க.”

முன்னால் ஓட்டுநரின் தலைக்கு மேலிருந்த சின்ன ஒலிபெருக்கி கரகரத்தது. என்ன பேசினான் என்று அவளுக்குக் கேட்கவில்லை. ஓட்டுநர் ஒருமுறை கண்ணாடியில் பின்னால் பார்த்தார். அடுத்த நிறுத்தம் வந்தது. பேருந்து நிற்கவில்லை.

“ஏய், நிறுத்துப்பா! இறங்கணும்!” என்று நாலைந்து பேர் எழுந்தார்கள்.

“வண்டியில கோளாறு. நேரா டிப்போவுக்குப் போகுது. அங்க வேற வண்டி தருவாங்க, எல்லாரும் உட்காருங்க” என்று ஓட்டுநர் திரும்பாமலே கத்தினார்.

“நல்லாத்தானே ஓடுது! என்ன கோளாறு?” என்றாள் மடியில் முட்டைத் தட்டுகளை அடுக்கி வைத்திருந்த ஓர் அம்மாள். “கோளாறு வண்டிக்கா, உனக்கா?”

சிலர் சிரித்தார்கள். சிலர் திட்டினார்கள். ஒருவர் யாருக்கோ போன் போட்டு, “கடத்திட்டுப் போறாங்கடா” என்று கத்தினார். அவளுக்கு மட்டும் அந்த இரைச்சல் தெம்பாக இருந்தது. இவ்வளவு பேர் கோபமாக இருக்கும் இடத்தில் தனியாக எதுவும் நடந்துவிடாது என்று தோன்றியது. ஆனால் பின்னால் ஜீப் இடைவெளி விடாமல் வந்தது. கையாட்டியவன் இப்போது கையாட்டவில்லை. முன்னால் சாய்ந்து எதையோ ஓட்டுநரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

“டீச்சர், டிப்போ திருப்பத்துல வேகமாத் திரும்பும். பாப்பாவைப் பிடிச்சுக்குங்க” என்றான் ரேடியோ.

பேருந்து சாய்ந்து திரும்பியது. முட்டைக்கார அம்மாள் “ஐயோ என் முட்டை!” என்று அலறினாள். டிப்போவின் பெரிய கதவு திறந்திருந்தது. பேருந்து உள்ளே நுழைந்ததும் காவலர் அதை இழுத்துச் சாத்தினார். ஜீப் கதவில் இடிக்காத குறையாக நின்றது. பின்னால் எடுக்கப் பார்த்தது. அதற்குள் பின்னால் வந்த பேருந்து அதன் முதுகில் மூச்சு விடுகிற தூரத்தில் வந்து நின்றுவிட்டது. இன்னொன்று பக்கவாட்டில் வந்து அணைத்துக்கொண்டது. மறுபக்கம் மதில் சுவர். ஜீப்பின் கதவைத் திறக்கக்கூட இடமில்லை.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பயணச்சீட்டுப் பரிசோதகர் ஒருவர் ஓடி வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, அவளை டிப்போ சமையலறைக்குள் உட்கார வைத்தார். அங்கிருந்த ஜன்னல் வழியாகக் கதவுக்கு வெளியே தெரிந்தது. தடத்தைக் கண்காணிக்கும் போக்குவரத்துப் போலீஸ் வண்டி வந்து நின்றது. அதையும் ரேடியோதான் வரவழைத்திருந்தான். பக்கத்துப் பேருந்தைக் கொஞ்சம் நகர்த்தி, ஜீப்பில் இருந்த இருவரையும் இறக்கினார்கள்.

குரலுக்குச் சொந்தக்காரனை அவள் அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். முரடனாக இருப்பான் என்று நினைத்திருந்தாள். சட்டைப் பையில் பேனா செருகிய, தலை வழுக்கையான, சாதாரண அலுவலக ஆள். போலீஸ்காரர் தோளில் கை வைத்ததும் அவன் முகம் அழுகிற மாதிரி கோணியது. “முதலாளி சொன்னதைத்தான் செஞ்சேன் சார், அவர் பையன் ஓட்டின காரு சார்” என்று யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தான். இவனிடமா இத்தனை பயந்தோம் என்று நினைத்தாள். நினைத்தும் பயம் போகவில்லை.

ரேடியோ மூச்சிரைக்கச் சமையலறைக்குள் ஓடி வந்தான். “டீச்சர், படம்! ரத்தானதை மீட்க என்னால முடியல. சாரோட கடவுச்சொல் போட்டாத்தான் வரும். ஆபீஸ் மூடப்போற நேரம். மூடினா துடைச்சிடும்.”

“சார்கிட்ட கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டேன். கதவைச் சாத்திக்கிட்டாரு.”

குட்டிம்மாவைச் சமையல்காரரிடம் விட்டாள். அவள் ஏற்கெனவே ஒரு பிஸ்கட்டும் பாலும் வாங்கி வைத்துக்கொண்டு, தான் மூழ்கி எடுத்த காசைப் பற்றி அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாடிப்படி ஏறுவது அன்றைக்கு மலை ஏறுவது போலிருந்தது. மேற்பார்வையாளரின் கண்ணாடி அறைக்குள் விளக்கு எரியவில்லை. அவர் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் தட்டினாள். அவர் அசையவில்லை.

“சார், நான்தான். தனியாத்தான் வந்திருக்கேன். திறங்க.”

மறுபடி தட்டிய பிறகுதான் தாழ்ப்பாள் நகர்ந்தது. அவர் கண்கள் சிவந்திருந்தன.

“எனக்கும் போன் வந்ததும்மா” என்றார். “என் பொண்ணு எந்தக் கல்லூரி, எந்த விடுதி, ஜன்னல் எந்தப் பக்கம், எல்லாம் சொன்னான். யார் பார்த்த படம்னு கேட்டான். சொல்லிட்டேன். உன் நம்பர், குழந்தையோட நீச்சல் வகுப்பு, கேட்டதெல்லாம் கொடுத்துட்டேன். அதோட என்னை விட்டுடுவான்னு நினைச்சேன்.”

அவரை அறையத் தோன்றியது அவளுக்கு. ஒரு நொடி கை எழுந்தும் விட்டது. ஆனால் அவர் சொன்ன கடைசி வார்த்தை பேருந்தில் அவள் நினைத்த அதே வார்த்தை.

“நானும் அதைத்தான் சார் நினைச்சேன். அழிச்சுக் கொடுத்தா விட்டுடுவான்னு. விடல. பஸ்ஸுக்குப் பின்னாடியே வந்தான். என் குழந்தை அவனுக்குக் கையாட்டுச்சு.” அவருடைய கணினிப் பக்கம் கையைக் காட்டினாள். “அந்தப் படம் நம்ம கையில இருக்கிறவரைக்கும்தான் நாம அவங்களுக்கு வேணும். அது போலீஸ் கைக்குப் போயிடுச்சுன்னா, உங்க பொண்ணை மிரட்டியும் பிரயோஜனமில்ல, என் பொண்ணை மிரட்டியும் பிரயோஜனமில்ல. எனக்கும் பயமாத்தான் இருக்கு. எடுத்துக் கொடுங்க சார்.”

அவர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முதல்முறை கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தார். இரண்டாம் முறையும் தப்பு. கீழே வாசலில் பூட்டுச் சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் கேட்டது. மூன்றாம் முறை தப்பானால் திரை பூட்டிக்கொள்ளும். அதற்குள் பின்னாலேயே ஏறி வந்திருந்த ரேடியோ, நிலைக்கதவைப் பிடித்தபடி நின்றான். “மெதுவா சார். ஒவ்வொண்ணா” என்றாள் அவள், குழந்தைக்குச் சட்டைப் பொத்தான் போடச் சொல்லிக்கொடுப்பது போல. அவர் ஒவ்வொரு எழுத்தையும் முணுமுணுத்துக்கொண்டே அடித்தார்.

திறந்தது. வெள்ளைக் கார், உடைந்த விளக்கோடு, சிவப்புத் தடத்தில் நின்றுகொண்டிருந்தது.

அன்றிரவு அவர்கள் தூங்கியது ரேடியோவின் அக்கா வீட்டில். விடியற்காலையில் கணவன் வந்து சேர்ந்தான். வந்ததும் ஒன்றும் கேட்கவில்லை. தூங்குகிற மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலருகில் தரையில் உட்கார்ந்திருந்தான். பிறகு, “எனக்கு ஒருதரம் போட்டு எடுக்கலைன்னா, நூறு தரம் போட வேண்டியதுதானே?” என்று கோபப்பட்டான். அப்புறம் அழுதான்.

காவலாளி ஒரு வாரம் கழித்துக் கண் திறந்தார். ஒரு கால் சரியாகவே இல்லை. கட்டை ஊன்றித்தான் நடக்கிறார் என்று கேள்விப்பட்டாள். காரை ஓட்டிய பையனைப் பிடித்தார்கள். பேனா செருகியவன் போலீஸில் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டான். மேற்பார்வையாளர் தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போனார். போகிற அன்றைக்கு அவளிடம் வந்து நின்றார். அவள் எதையும் சொல்லி அவர் பாரத்தை லேசாக்கவில்லை. ரத்து போட்டதற்காக அவளுக்கும் விசாரணை நடந்தது. எச்சரிக்கையோடு விட்டார்கள். அதன்பிறகு எந்தப் படம் எந்த ஊழியருக்குப் போகிறது என்பது யாருக்கும் தெரியாதபடி கணினியை மாற்றி அமைத்தார்கள்.

இதெல்லாம் நடந்தும் பயம் மட்டும் போகவில்லை. வீடு மாற்றினார்கள். புது வீட்டு வாசலில் எந்த வண்டி நின்றாலும் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள். சாம்பல் நிறம் எதைக் கண்டாலும் நெஞ்சு இடித்தது. சாட்சி சொல்லப் போகிற நாள் நெருங்க நெருங்கச் சாப்பாடு இறங்கவில்லை. “போகலைன்னா என்ன செய்வாங்க?” என்று ஒருநாள் கணவனிடம் கேட்டாள். “உன் இஷ்டம். போனா நான் கூட வர்றேன். போகலைன்னாலும் கூடத்தான் இருப்பேன்” என்றான் அவன். அந்தப் பதில் அவளுக்கு எந்த உதவியும் செய்யவில்லை. ஆனாலும் போனாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். “மிரட்டல் வந்ததும் நீங்களே படத்தை ரத்து செய்தீர்கள். அவ்வளவு பயந்தவர், பயத்தில் எதை வேண்டுமானாலும் சொல்வீர்கள், இல்லையா?” என்று கேட்டார்.

கூண்டுக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எதிரே, காரை ஓட்டிய பையனின் அப்பா உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமாங்க, பயந்தேன்” என்றாள். “இப்பவும் பயமாத்தான் இருக்கு. இதோ கை நடுங்குது பாருங்க. ஆனா கார் நின்னது நின்னதுதான்.”

நீதிபதி அதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னார்.

வெளியே வந்ததும் தாகமெடுத்தது. ஒரு வாய் குடித்துவிட்டுப் பாட்டிலை மூடப் பார்த்தாள். மூடி கையில் நிற்காமல் படியில் விழுந்து உருண்டது. கணவன் ஓடிப்போய் எடுத்து வந்து, ஊதித் துடைத்து, பாட்டிலை வாங்கி அவனே மூடினான். பிறகு இரண்டு பேரும் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள்.